எட்டுப் பங்கு ஜீப்: எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை



போன கிழமை எங்கள் பழைய லேண்ட்ரோவரைக் கழுவி முற்றத்தில் விட்டு ஒரு படம் போட்டிருந்தோம். அன்றிலிருந்து இன்பொக்ஸ் நிறையக் கேள்விகள். "சேர், என்ன எஞ்சின் போட்டிரிக்கி?" "ஸ்னோர்க்கல் எங்க எடுத்த?" "33 டயர் போட்டா நல்லாரிக்குமா?" "விக்கிற எண்ணம் இரிக்கா?" கேட்டவர்களில் பாதிப் பேர் எங்களிடம் படித்த பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத நேரமில்லை. எல்லாருக்கும் சேர்த்து இந்தப் பதிவு. நீளமாகத்தான் வரும். தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் 'எங்கள்' என்று ஏன் எழுதுகிறோம் என்று சொல்லிவிடுகிறோம். அந்த ஜீப் ஓர் ஆளுக்குச் சொந்தமானது அல்ல.

வாப்பா 2019 இல் மௌத்தானார். அவருக்கு வாரிசு உம்மா, தாத்தா, ஆம்பிளைப் பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர். மார்க்கம் சொன்னபடி உம்மாவுக்கு எட்டில் ஒன்று. மிச்சம் எட்டில் ஏழு. அதில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். உம்மாவுக்கு ஒரு பங்கு, தாத்தாவுக்கு ஒரு பங்கு, எங்களுக்கு ஆளுக்கு இரண்டு. மொத்தம் எட்டு, மிச்சம் இல்லை. வயலைப் பிரிக்கலாம். வளவையும் கயிறு பிடித்துப் பிரிக்கலாம். ஜீப்பை எப்படிப் பிரிப்பது?

எங்களில் மூத்தவர் காக்கா, வயல் பார்க்கிறார். நடுவில் உள்ளவர் படிப்பிக்கிறார், இதை எழுதுகிறதும் அவர்தான். தம்பி கத்தாரில். மூன்று பேருக்கும் சேர்த்து ஆறு பங்கு இருந்தாலும், மற்ற இரண்டு பங்கையும் கேட்காமல் அந்த ஜீப்பில் ஓர் ஓட்டை போடக்கூட எங்களுக்கு உரிமை இல்லை. இந்தப் பதிவில் வருகிற ஒவ்வொரு மாற்றமும் வீட்டில் மஷூறா செய்து முடிவெடுத்தது. செய்யாமல் விட்டவையும் அப்படித்தான்.

*

வாகனத்தின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் 'ஒறிஜினல்' என்று பின்னால் வருகிற சண்டை விளங்காது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்கப் படைகள் விட்டுப்போன வில்லிஸ் ஜீப்புகள் உலகம் முழுக்கக் கிடந்தன. இங்கிலாந்தின் ரோவர் கம்பனியின் தலைமை வடிவமைப்பாளர் மொரிஸ் வில்க்ஸ், வேல்ஸில் அங்கிள்சி தீவில் இருந்த தன் காணியில் அப்படி ஒரு ஜீப்பை வைத்து வேலை செய்தார். இதைப்போல் ஒன்றை நாமே செய்தால் என்ன என்ற யோசனையில் பிறந்ததுதான் லேண்ட்ரோவர். 1948 ஏப்ரல் 30 அன்று அம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் அதை முதன்முதலாகக் காட்டினார்கள். போர் முடிந்த காலம், உருக்குக்குத் தட்டுப்பாடு. ஆகவே வெளித் தகடுகளை பேர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவையில் செய்தார்கள். அச்சு வார்க்கிற செலவைக் குறைக்கத் தட்டைத் தகடாகவே விட்டார்கள். அழகுக்காக ஒன்றும் செய்யவில்லை. எஞ்சினின் சுழற்சியை வெளியே எடுத்து மரம் அறுக்கிற வாளும் தண்ணீர்ப் பம்பியும் ஓட்டுவதற்கு வழி வைத்தார்கள். அதாவது, ஒரு கமக்காரன் தன் தேவைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளட்டும் என்றே அந்த வாகனம் கம்பனியிலிருந்து வெளியே வந்தது.

அதே காலத்தில்தான் எங்கள் பக்கம் கல்லோயாத் திட்டம். 1949 இல் வேலை தொடங்கியது. இங்கினியாகலை அணையை மொரிசன் நுட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி கட்டியது. கரைவாகுப் பற்றுப் போடிமார் ஜீப் என்ற சாமானைக் கிட்ட நின்று பார்த்தது அந்தக் காலத்தில்தான் என்று மூத்தவாப்பா சொல்வார். வண்டில் மாடு அச்சுவரை புதையும் சேற்றில் அது போனதைப் பார்த்தவர்களுக்கு ஆசை வராமல் இருக்குமா?

மூத்தவாப்பாவின் ஆசை எழுபதுகளில்தான் நிறைவேறியது. அரச திணைக்களம் ஒன்று ஏலத்தில் விட்ட வாகனம். 88 அங்குல அச்சிடைவெளி, சீரிஸ் 2ஏ, 2,286 சிசி பெற்றோல் எஞ்சின், '1 ஸ்ரீ' இலக்கத் தகடு. சில்லு 6.00-16.

*

இனி "என்ன எஞ்சின்" என்ற கேள்விக்கு வருவோம். இப்போது இருப்பது இசுசு டீசல். போட்டது வாப்பா.

1977 வரைக்கும் நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடு. ஒரு பெயரிங் பழுதானால் மாதக்கணக்கில் வாகனம் மரத்தடியில் நிற்கும். அதற்குள் 1973 இல் உலகம் முழுக்க எண்ணெய் விலை ஏறி, பெற்றோல் ஜீப்பை வட்டைக்கு ஓட்டுவது போடிமாருக்கே கட்டுபடியாகாத காரியமாகிவிட்டது. 1977 க்குப் பிறகு கதவு திறந்தது. ஜப்பான் வாகனங்களும் பாவித்த எஞ்சின்களும் வந்து கொழும்பு பஞ்சிகாவத்தையில் குவிந்தன. நாடு முழுக்க லேண்ட்ரோவர் வைத்திருந்தவர்கள் செய்ததைத்தான் வாப்பாவும் செய்தார். பெற்றோல் எஞ்சினை இறக்கிவிட்டு ஜப்பான் டீசலை ஏற்றினார்.

படிக்கிற பிள்ளைகளுக்காக இதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம். எஞ்சின் ஜப்பான், கியர் பொக்ஸ் இங்கிலாந்து. இரண்டினதும் ஆணித் துளைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. நடுவில் தடித்த இரும்புத் தகடு ஒன்றை லேத்தில் கடைந்து வைக்க வேண்டும். எஞ்சினின் மையமும் கியர் பொக்ஸ் தண்டின் மையமும் மயிரிழை விலகினாலும் ஓடத்தான் செய்யும். ஆனால் சில மாதங்களில் பெயரிங் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். வாப்பாவின் தகட்டைக் கடைந்த பாஸ் காக்கா சம்மாந்துறைக்காரர், கம்ப்யூட்டர் காணாதவர். கடதாசி மட்டையில் துளைகளை அமுக்கி எடுத்து, அதை வைத்து அளந்து கடைந்தார். தகடு இன்றும் அப்படியே இருக்கிறது.

அடுத்தது பிரேக். பிரேக்குக்கு உதவுகிற சேர்வோ என்ற சாமான் வெற்றிடத்தில் வேலை செய்வது. பெற்றோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது அந்த வெற்றிடம் தானாகவே கிடைக்கும். டீசலில் கிடைக்காது. ஆகவே தனியாக ஒரு வெற்றிடப் பம்பி வேண்டும். இசுசுவில் அது ஒல்டனேற்றரின் முதுகிலேயே பூட்டி வரும். எஞ்சினை மட்டும் மலிவாக வாங்கி, அந்த ஒல்டனேற்றரை விட்டுவிட்டு வருகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். எஞ்சின் மாற்றுகிற தம்பிமார் இதை மட்டுமாவது மனதில் வையுங்கள்.

வாப்பா செய்த இன்னொரு மாற்றம் பின்பக்க வாங்கு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா நாள். காலையில் வாப்பா ஜீப்போடு வட்டையில் நின்றார். அதனால்தான் வாகனம் கடலுக்குப் போகவில்லை. அன்றைக்கும் அடுத்த நாட்களிலும் அந்த ஜீப் யாரை யாரை ஏற்றியது என்று இந்த ஊரில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காயப்பட்டவர்களைக் கிடத்த இடமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு போனார்கள். கொஞ்சக் காலம் கழித்து வாப்பா பின்னால் இருந்த சின்ன ஆசனங்களைக் கழற்றிவிட்டு, ஓர் ஆள் நீட்டிப் படுக்கக்கூடிய வாங்கு ஒன்றை இரும்புச் சட்டத்தில் பூட்டினார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

*

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. பழைய வாகனங்களின் விலை வருடா வருடம் ஏறியது. கொழும்பிலிருந்து ஒருவர் தேடி வந்தார். பண்பான மனிதர். ஜீப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நல்ல விலை சொன்னார். கூடவே, "பழைய பெற்றோல் எஞ்சினையும் போட்டு, இந்த வாங்கைக் கழற்றி, ஒறிஜினலாக்கித் தந்தால் இன்னும் கூடத் தரலாம்" என்றார்.

தாத்தாவுக்கு அப்போது காசு தேவை. மூத்த மகளுக்குக் கலியாணம் பேசத் தொடங்கிய நேரம். எங்கள் பக்கம் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்ற வழக்கம் சரியா பிழையா என்பது வேறு பதிவு. ஆனால் அன்றைக்குச் சுவர் பாதியில் நின்றது. தாத்தாவின் ஒரு பங்கு அந்தச் சுவருக்குப் போக வேண்டிய காசு. அவர் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்காததுதான் எங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

உம்மா சொன்னது ஒன்றுதான். "என்ட பங்கு எனக்கு வேணாம். வாப்பாட ஜீப்பு முத்தத்துல நிக்கட்டும்."

ஒறிஜினல் என்றால் என்ன? இந்தக் கேள்வியை நாங்கள் பல இரவுகள் பேசினோம். டார்ஜிலிங் மலையில் மனேபஞ்சங் என்ற ஊரிலிருந்து சந்தக்ஃபு உச்சிக்கு 3,636 மீற்றர் உயரம்வரை ஆட்களை ஏற்றிப்போவது 1950 களின் லேண்ட்ரோவர்கள்தான். அவற்றில் பலவற்றுக்குள் இன்று இருப்பது மஹிந்திரா டீசல் எஞ்சின். அவற்றை லேண்ட்ரோவர் இல்லை என்று யார் சொல்வது? மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1955 இல் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இரண்டு லேண்ட்ரோவர்களில் லண்டனிலிருந்து புறப்பட்டு 1956 இல் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். அதில் ஒன்று பின்னாளில் சென் ஹெலேனா தீவில் கைவிடப்பட்டுக் கிடந்தது. அதை மீட்டுத் திருத்தி 2019 இல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு ஓட்டினார்கள். பழையதைப் பழையபடி காப்பாற்றியதால்தான் அது நடந்தது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

கடைசியில் நாங்கள் எடுத்த முடிவு இது. வெட்டுகிற மாற்றம் வேண்டாம், பூட்டுகிற மாற்றம் செய்யலாம். ஆணியில் பூட்டியதை நாளைக்குக் கழற்றலாம். சேஸியை வெட்டினால் திரும்ப ஒட்டினாலும் அது வெட்டிய சேஸிதான். பங்காளிச் சொத்தில் கை வைக்கிறவனுக்கு இதைவிட நல்ல சட்டம் கிடைக்காது. வாப்பா இறக்கிய பெற்றோல் எஞ்சின் இன்னும் எங்கள் நெல்லுக் களஞ்சியத்தில் ஒயில் பூசித் தறப்பாள் சுற்றிக் கிடக்கிறது. கழற்றிய ஆசனங்களும் அங்கேதான். அவற்றுக்கும் எட்டுப் பங்கு உண்டு.

தாத்தாவின் பங்குக்கு, வாகன விலை தெரிந்த இரண்டு பேரைத் தனித்தனியாகக் கூட்டிவந்து மதிப்புப் போட்டோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு விலை. வாகனம் இன்று நிற்கிற நிலைக்கு என்ன விலையோ அதற்குத்தான் கணக்கு. எட்டில் ஒன்றை நாங்கள் மூவரும் வாங்கிக்கொண்டோம். பாதி பெரும்போக வெள்ளாமையில், பாதி சிறுபோகத்தில். தம்பி தன் பங்கைச் சம்பளத்தில் அனுப்பினான். சுவர் எழும்பியது. காசு கைமாறிய அன்றைக்குத் தாத்தா சொன்னா: "பங்க வித்ததுக்காக நான் இதுல ஏறப்படாதெண்டு இல்லயே. அந்த வாங்க மட்டும் கழட்டிராதீங்க."

அதன் பிறகுதான் மாற்றங்களைப் பற்றி நிம்மதியாகப் பேச முடிந்தது.

*

தம்பி கத்தாரிலிருந்து ஒரு பட்டியல் அனுப்பினான். அங்கே வெள்ளிக்கிழமைகளில் மணல் மேட்டில் ஏறுகிற வாகனங்களைப் பார்த்த ஆசை. 33 டயர், நாலு அங்குலம் உயர்த்துவது, ஸ்னோர்க்கல், வின்ச், எல்இடி விளக்கு வரிசை, புல் பார். ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினோம்.

டயர்: லோங் வீல்பேஸ் லேண்ட்ரோவருக்கு வருகிற 7.50-16 ஐப் போட்டோம். அதன் உயரமே ஏறக்குறைய 32 அங்குலம். 33 என்று விற்கிற டயருக்கும் அதற்கும் உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் அகலத்தில்தான், பன்னிரண்டரை அங்குலம். அகலமான டயர் மணலுக்கு நல்லது. எங்கள் வட்டைச் சேற்றுக்கு ஒடுங்கிய டயர்தான் நல்லது, மேல் சேற்றை வெட்டிக்கொண்டு கீழே இறுக்கமான மண்ணைப் பிடிக்கும். பவர் ஸ்டேரிங் இல்லாத வாகனத்தில் அகல டயரைத் திருப்ப இரண்டு ஆள் வேண்டும். இந்தப் பழைய லேண்ட்ரோவரின் பின் எக்ஸல் கம்பியோ பெயர்போன பலவீனம். பெரிய சில்லும் பலமான டீசலும் சேர்ந்து முறுக்கினால் கரும்புபோல் முறியும்.

உயர்த்துவது: வேண்டாம் என்றோம். 88 அங்குல ஜீப்பின் இடது சில்லுக்கும் வலது சில்லுக்கும் இடைவெளி 51.5 அங்குலம்தான். அதை நாலு அங்குலம் உயர்த்தினால் வளைவில் கவிழ்வதற்கு நாமே வழி செய்து கொடுப்பதாகும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணமும் கெடும்.

வின்ச்: சம்மதம். முன் பம்பரில் ஆணியில் பூட்டியது. அதிகம் உழைப்பது அதுதான். புதைந்த லேண்ட்மாஸ்டரையும் நெல்லு ஏற்றிய பெட்டியையும் இழுத்திருக்கிறது. இழுக்கும்போது கம்பிக்கு மேலே ஈரச் சாக்கு ஒன்றைப் போடுங்கள். அறுந்தால் கம்பி சாட்டைபோல் திரும்பும். பக்கத்தில் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள்.

எல்இடி வரிசை: வேண்டாம். முன்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரன் கண் கூசி வாய்க்காலுக்குள் போனால் யார் பொறுப்பு? 2025 ஜனவரியில் பொலிசார் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் மேலதிகமாகப் பூட்டியவற்றைக் கழற்றத் தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும்.

தம்பியின் பட்டியலில் இல்லாத, ஆனால் நாங்கள் அதிகம் செலவழித்த இரண்டு விடயங்கள் உண்டு.

ஒன்று பிரேக். 88 இல் வருவது 10 அங்குல ட்ரம். 109 அங்குல லோங் வீல்பேஸில் வருவது 11 அங்குலம். அதைத் தேடி எடுத்து மாற்றினோம். முன் ஆசனங்களுக்கு பெல்ட் பூட்டினோம்.

மற்றது துரு. லேண்ட்ரோவர் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. வெளித் தகடு அலுமினியம், சரி. ஆனால் சேஸி உருக்கு. அலுமினியமும் உருக்கும் தொடுகிற இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் அங்கே ஒரு பற்றறியே உண்டாகிவிடும். அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாழ்கிற எங்களுக்கு இது தினசரிப் பிரச்சினை. கழற்றக்கூடிய தகடுகளை எல்லாம் கழற்றி, இரும்போடு சேர்கிற இடத்தில் றப்பர் வைத்து, நாகம் பூசிய ஆணிகளால் பூட்டினோம். சேஸியின் பின் குறுக்குச் சட்டம் சுத்தியலால் தட்டினால் அப்பம்போல் உடைந்தது. வெட்டக் கூடாது என்ற சட்டத்துக்கு அங்கே மட்டும் விலக்கு. அழுகியதை வெட்டி அதே தடிப்பில் புதிய உருக்கு வைத்து ஒட்டினோம். இது மாற்றம் அல்ல, வைத்தியம். இதற்கும் உம்மாவிடம் கேட்டுத்தான் செய்தோம்.

ஸ்னோர்க்கல் கதைதான் பெரிய கதை.

*

அதைப் பூட்ட மட்கார்ட்டில் ஓட்டை போட வேண்டும். ஒறிஜினல் மட்கார்ட்டில் போட மாட்டோம் என்று, பழைய இரும்புக் கடையில் நெளிந்த மட்கார்ட் ஒன்று வாங்கி, டிங்கரிங் செய்து, அதில் போட்டோம். 2024 நடுப்பகுதியில் வேலை முடிந்தது. ஊரில் பெயரும் வந்தது, "ஸ்னோர்க்கல் வெச்ச ஜீப்பு" என்று.

அந்த வருடம் நவம்பர் கடைசியில் வந்த மழையை யாரும் மறக்க மாட்டோம். கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தது. அக்கரையில் மையித்து வீட்டுக்குப் போக வேண்டிய ஒரு குடும்பம் எங்கள் வாசலில் வந்து நின்றது. சொந்தக்காரர்கள்தான். "உங்கட ஜீப்புல ஸ்னோர்க்கல் இரிக்கி. ஒரே ஒருக்காக் கொண்டு விடுங்க மச்சான்." காக்கா மறுத்தார். தண்ணீர் நின்றால் வருவேன், ஓடுகிற தண்ணீரில் இறங்க மாட்டேன் என்றார். கெஞ்சினார்கள். பிறகு ஏசினார்கள். "வாப்பா இருந்திருந்தா கொண்டு விட்டிருப்பார்" என்று ஒருவர் சொன்னார். காக்காவின் முகம் அப்போது எப்படி இருந்தது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் சாவியைக் கொடுக்கவில்லை.

நவம்பர் 26 அன்று மாவடிப்பள்ளியில் மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு மெஷினை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. எத்தனை ஜனாஸா, யார் வீட்டுப் பிள்ளைகள் என்று இங்கே எழுதத் தேவையில்லை. அல்லாஹ் அவர்களுக்கு உயர்ந்த சுவனத்தைக் கொடுப்பானாக. அந்தச் சம்பவத்தில் யார் குற்றவாளி என்று பேசுவது இந்தப் பதிவின் நோக்கமும் இல்லை. ஆனால் "பெரிய சில்லு, உயரமான வாகனம், ஒண்ணும் ஆகாது" என்ற நம்பிக்கை எங்கள் எல்லாருடைய வீட்டிலும் இருக்கிறது. அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

சாதாரண தரத்தில் மேலுதைப்பு என்ற பாடம் படித்திருப்பீர்கள். அதை இந்த ஜீப்புக்குப் போட்டுப் பார்ப்போம். நீளம் ஏறக்குறைய 3.6 மீற்றர், அகலம் 1.6 மீற்றர். பெருக்கினால் 5.8 சதுர மீற்றர் அளவில் வரும். வாகனத்தின் அடித்தட்டுக்கு மேலே தண்ணீர் 25 சென்ரிமீற்றர் ஏறினால் அது விலக்குகிற தண்ணீர் 1.4 கனமீற்றருக்கும் மேல். ஒரு கனமீற்றர் தண்ணீர் 1,000 கிலோ. அப்படியென்றால் தண்ணீர் ஜீப்பை மேலே தள்ளுகிற அளவு 1,400 கிலோ. ஜீப்பின் நிறையும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் கூடினால் வாகனம் மிதக்கத் தொடங்கும். கதவு இடுக்கால் தண்ணீர் உள்ளே வரும், உடனே மிதக்காது என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் முழுதாக மிதக்க வேண்டியதில்லை. பாதி பாரம் குறைந்தாலே டயரின் பிடி போய்விடும். மிச்சத்தை ஓட்டம் பார்த்துக்கொள்ளும். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். ஓடுகிற தண்ணீர் இரண்டு அடி இருந்தால் ஜீப் வகை வாகனங்களையே கொண்டுபோகும் என்று அமெரிக்க வானிலைச் சேவை எச்சரிக்கிறது.

ஸ்னோர்க்கல் செய்வது ஒரே வேலை. எஞ்சின் தண்ணீரைக் குடிக்காமல், உயரத்திலிருந்து காற்றை எடுக்க வைக்கிறது. எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் கம்பி வளைந்துவிடும். அதைத் தடுக்கும். அவ்வளவுதான். வாகனத்தின் நிறையைக் கூட்டாது, டயருக்குப் பிடியைக் கொடுக்காது, தாம்போதியின் ஓரம் எங்கே முடிகிறது என்று காட்டாது. வாகனம் உருண்டு போகும்போதும் எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த வெள்ளத்தில் ஜீப் சும்மா நிற்கவில்லை. ஊருக்குள் ஒழுங்கைகளில் நின்ற தண்ணீரில், ஒரு ஆள் தடியோடு முன்னால் நடக்க, பின்னால் ஊர்ந்து போனது. சமைத்த சாப்பாடு கொண்டுபோனது. நடக்க ஏலாத வயோதிபர்களைப் பாடசாலைக்குக் கூட்டிவந்தது. வாப்பாவின் வாங்கில் இரண்டு பேரைப் படுக்க வைத்துக் கொண்டுபோனோம். சில்லின் நடுக் குடத்துக்கு மேல் தண்ணீர் ஏறினால் திரும்பிவிட வேண்டும் என்பது காக்காவின் கட்டளை. அன்று ஏசிவிட்டுப் போன குடும்பம் பிறகு வந்து பேசியது. அதைப் பற்றி இரண்டு பக்கமும் மேலே பேசவில்லை. தேத்தண்ணி குடித்தோம்.

*

கேட்டவர்களுக்குச் சுருக்கமாக:

பழைய ஜீப் வாங்கினால் முதல் காசை பிரேக்குக்குச் செலவழியுங்கள். பிறகு ஸ்டேரிங், சேஸி, பெல்ட். அதற்குப் பிறகு மிச்சம் இருந்தால் ஆசைக்கு.

எஞ்சின் மாற்றினால் மோட்டார் வாகனத் திணைக்களத்தில் பதிந்து புத்தகத்தில் ஏற்றுங்கள். வாப்பா அந்தக் காலத்திலேயே அதைச் செய்து வைத்ததால்தான் எங்களுக்குக் காப்புறுதியும் பங்குப் பிரிப்பும் இலேசாக முடிந்தது. புத்தகத்தில் இல்லாத எஞ்சினோடு நிற்கிற வாகனத்துக்கு யாரும் சரியான மதிப்புப் போட மாட்டார்கள்.

கழற்றிய சாமானை எடைக்கு விற்காதீர்கள். ஒயில் பூசி வையுங்கள்.

மௌத்தானவரின் வாகனத்தை ஓட்டுகிறவர்கள், அதில் தாத்தா தங்கச்சிமாருக்கும் பங்கு இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். "வாகனம் ஆம்பிளைகளுக்கு" என்று எந்தக் கிதாபிலும் இல்லை. புதிய டயர் போடுவதற்கு முன்னால் அந்தக் கணக்கை முடியுங்கள்.

விற்கிற எண்ணம் இல்லை. இன்னும் ஒரு பங்கு உம்மாவிடம் இருக்கிறது.

தகடு கடைந்த பாஸ் காக்காவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது. லேத் அடியில் நின்று தொழில் பழக விருப்பமுள்ள பிள்ளைகள் யாராவது இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். சும்மா இருந்து கதை சொல்லவே ஆள் தேடுகிற மனிதர் அவர். சந்தோசமாகச் சொல்லிக் கொடுப்பார்.

மாரி நெருங்குகிறது. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுகிற வான், ஓட்டோ, உழவு மெஷின் வைத்திருக்கிற எல்லாரும் இந்தப் பதிவில் வெள்ளக் கணக்கை மட்டுமாவது வீட்டில் வாசித்துக் காட்டுங்கள். தாம்போதிக்கு மேலால் தண்ணீர் ஓடினால், வாகனம் எதுவானாலும் இக்கரையிலேயே நில்லுங்கள். யார் ஏசினாலும் சாவியைக் கொடுக்காதீர்கள்.

வாப்பாவுக்காகவும், மாவடிப்பள்ளியில் நாங்கள் இழந்தவர்களுக்காகவும் துஆச் செய்யுங்கள்.